நாலு இடம்... நாலு நேரம்... ஒரு சிம்!

தங்கச்சிக்கு புது போன் வாங்கியாச்சு. அதுவும் 5ஜி போன்! அப்பா கடலுக்குப் போய்ச் சேர்த்த காசு கொஞ்சம், நான் போட்டது கொஞ்சம், பாக்கி இ.எம்.ஐ. மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துல எங்க வீட்டுக்கு மட்டும் அன்னிக்கு தீபாவளி. செங்கல்பட்டு கடைக்காரர், "இதைப் போடும்மா, நெட்டு பிச்சிக்கும்" என்று ஒரு சிம்மையும் சேர்த்துக் கொடுத்தார். கடை வாசல்லயே டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம். அம்மாடி... முள்ளு எகிறிப் போய் நின்னுச்சு!

பத்தே நாள். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ராத்திரி பத்தரை மணி. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மார்க் ஷீட் மூணும் ரெடி. அப்லோட் அமுக்கினா அந்த வட்டம் சுத்துது... சுத்துது... பல்லவர் காலத்துலேர்ந்து சுத்துற மாதிரி சுத்திக்கிட்டே இருக்குது. அதே போன்ல வீடியோ மட்டும் ஓடுது! மாடிக்கு ஓடினா ஒரு கோடு, தெருமுனைக்கு ஓடினா ரெண்டு கோடு. தங்கச்சி கண்ணுல தண்ணி. "அண்ணா, ஒரு வருஷ ஃபீஸ்ணா..."

கடைசியில காப்பாத்தினது பக்கத்து வீட்டு அண்ணாவோட ஹாட்ஸ்பாட். ஸ்க்ரீன்ல விரிசல் விட்ட பழைய 4ஜி போன், வேற கம்பெனி சிம். மூணு ஃபைலும் ஏறி முடிஞ்சப்போ மணி பதினொன்னு நாற்பது. கடைக்காரர் பொய் சொல்லலை. அவர் கடை வாசல்ல அந்த சிம் நிஜமாவே பிச்சிக்கிச்சு. ஆனா தங்கச்சி கடை வாசல்லயா குடியிருக்கா?

நம்மில் பலரும் தப்பு பண்ற இடம் இதுதான். "எந்த நெட்வொர்க் பெஸ்ட்?" என்று ஊரெல்லாம் கேட்கிறோம். "எனக்கு, என் வீட்டுல, என் காலேஜ்ல எது பெஸ்ட்?" என்று கேட்பதில்லை.

ஏர்செல் கத்துக் கொடுத்த பாடம்

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். செல்போன் வந்த புதுசுல சென்னை ஒரு தனி வட்டம், மிச்ச தமிழ்நாடு இன்னொரு வட்டம். சென்னை வட்டத்தின் உரிமப் பட்டியலில் சென்னை டெலிபோன்ஸ் பகுதியோடு மறைமலை நகர், மீஞ்சூர், மகாபலிபுரம் எக்ஸ்சேஞ்சுகளையும் சேர்த்திருந்தார்கள். அப்போ நம்ம கடற்கரைக் கோயில் 'சென்னை'. முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செங்கல்பட்டு டவுன் 'தமிழ்நாடு'! ரெண்டு வட்டமும் 2005-ல் ஒன்றாகின. கோடு அழிஞ்சாலும் ஒரு உண்மை மட்டும் அழியலை. சிக்னலுக்கு மாவட்ட எல்லையும் தெரியாது, விளம்பரமும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது பக்கத்துல இருக்கிற டவர் மட்டும்தான்.

'பெரிய கம்பெனி, பயமில்லை' என்ற நினைப்பும் ஒரு தடவை உடைஞ்சது. 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல், நம்ம ஊர் கம்பெனி. சென்னை சூப்பர் கிங்ஸ் மஞ்சள் சட்டையில் அதன் பெயரைப் பார்த்து விசில் அடிச்சோம். 2018 பிப்ரவரியில் டவர்கள் மளமளவென்று அணைய, தமிழ்நாடு முழுக்க போன்கள் ஊமையாகின. நம்பரை மாத்திக்கலாம் என்றால் அதுக்கான குறியீட்டை வாங்கவே சிக்னல் வேணுமே! கடை கடையாக வரிசை. பேங்க், கேஸ், ஆதார் எல்லாத்துக்கும் அதே நம்பரைக் கொடுத்தவங்க தவிச்ச தவிப்பு கொஞ்சமில்லை. கம்பெனி திவால் மனு போட்டு முடிந்தது. கம்பெனி மேல விசுவாசம் வேணாம், உங்க நம்பர் மேல கவனம் வேணும் என்பதுதான் அப்போ கிடைச்ச பாடம்.

இது வேற எம்.பி.பி.எஸ்!

செங்கல்பட்டுல எம்.பி.பி.எஸ். என்றால் 1965-லிருந்து இருக்கும் மெடிக்கல் காலேஜ்தான் ஞாபகத்துக்கு வரும். நாம் பேசப்போறது மெகாபிட்ஸ் பெர் செகண்ட். இதுக்கு நீட் எழுத வேணாம், எட்டாம் வாய்ப்பாடு தெரிஞ்சா போதும்.

எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட். கம்பெனிக்காரர் வேகத்தைப் பிட்ல சொல்வார், உங்க ஃபைல் சைஸ் பைட்ல இருக்கும். டெஸ்ட்ல 20 மெகாபிட் வேகம் காட்டினா, நொடிக்கு இறங்கறது 2.5 மெகாபைட்தான். 700 எம்.பி. ஃபைல் இறங்க கிட்டத்தட்ட அஞ்சு நிமிஷம். "20 வருதே, ஏன் லேட்டாகுது?" என்று கம்பெனியைத் திட்டறதுக்கு முன்னாடி எட்டால் வகுத்துடுங்க.

ஒரு மாணவனுக்கு எவ்வளவு வேகம் வேணும்? ஆன்லைன் கிளாஸுக்கு 2, 3 மெகாபிட் நிலையாக வந்தா போதும். ஹெச்.டி. வீடியோவுக்கு 5 இருந்தா தாராளம். அரசாங்கக் கணக்குப்படி 2 மெகாபிட் வந்தாலே அது 'பிராட்பேண்ட்'. 2023 வரைக்கும் அந்த அளவு வெறும் 512 கிலோபிட்டா இருந்துச்சு! ஆக, 300 வருதா 400 வருதான்னு நண்பனோட போட்டி போடறது பந்தாவுக்குத்தான் உதவும். தேவை என்பது வேற.

தேவை எதுன்னு தங்கச்சி கதையே சொல்லுது. டவுன்லோட் மட்டும் பார்க்காதீங்க, அப்லோடையும் பாருங்க. டவரோட குரல் பெருசு, உங்க போனோட குரல் சின்னது. டவர் கத்துறது உங்க காதுல விழும். ஆனா நாலு சுவருக்குள்ள இருந்து நீங்க முணுமுணுக்கறது டவருக்குக் கேட்கணுமே! அதனாலதான் வீடியோ ஓடும், சான்றிதழ் ஏறாது. மூணாவதா 'பிங்'. நீங்க கூப்பிட்டு அங்கேர்ந்து "ஆங்" என்று பதில் வர எடுக்கும் நேரம், மில்லிசெகண்டில். இது அதிகமானா கேம்ல சாவீங்க, வீடியோ இன்டர்வியூல திக்குவீங்க.

சுவர், சனம், சிற்பம்

ஒரே சிம். காலையில் பறக்குது, ராத்திரி ஒன்பது மணிக்கு நொண்டுது. ஏன்?

முதல் காரணம் சனம். டவர் வேகம் என்பது ஒரு குடம் தண்ணி மாதிரி. பத்து பேர் குடிச்சா வயிறு ரொம்பும், ஆயிரம் பேர் வந்தா நாக்கு நனையும். ஹாஸ்டல் முழுக்க சாப்பிட்டு முடிச்சு ஒரே நேரத்துல போனைத் தூக்கும் ஒன்பது மணியை நினைச்சுப் பாருங்க. காணும் பொங்கல் அன்னிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் செல்ஃபி எடுத்து அனுப்பிப் பாருங்க. மாசி மகத்துக்கு இருளர் மக்கள் கூடும் அந்த நிலா ராத்திரியிலும் அதே கதைதான். டவர் அதே டவர். குடிக்கிற வாய்தான் கூடிப்போச்சு.

ரெண்டாவது, சுவர். ரேடியோ அலையில் குண்டு, ஒல்லி ரெண்டு வகை இருக்குன்னு வெச்சுக்குங்க. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். ஆனா அள்ளிக்கிட்டு வர்ற டேட்டா குறைவு. 2300, 3500 மெகாஹெர்ட்ஸ் அலைகள் மூட்டை மூட்டையா டேட்டா கொண்டுவரும். ஆனா கொஞ்ச தூரத்துலயே மூச்சு வாங்கும், கான்கிரீட்டைப் பார்த்தா திரும்பிடும். எங்க வீடு சுனாமிக்கு அப்புறம் கட்டின கான்கிரீட் வீடு. 5ஜி வாசலோட நின்னுக்கிட்டதுல ஆச்சரியமே இல்லை!

மூணாவது, நம்ம கடற்கரைக்கே உரிய சிக்கல். ஊருக்குள்ள டவர்னா நாலு பக்கமும் வைக்கலாம். இங்க கிழக்கே கடல், அங்க யார் டவர் வைப்பா? சிக்னல் ஒரு பக்கத்துலேர்ந்துதான் வரணும். மாமல்லபுரத்துல இன்னொண்ணும் இருக்கு. தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். தடுக்கி விழுந்தா சிற்பம் இருக்கும் ஊரில், நினைச்ச இடத்துல டவர் நட முடியுமா? மகேந்திரவர்மனும் மாமல்லனும் 'கவரேஜ்' பத்தி யோசிக்கலையே!

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் பஸ்ல ஒரு தடவை சிக்னல் கோட்டைப் பார்த்துக்கிட்டே வாங்க. ஜங்ஷன், கொளவாய் ஏரிப் பக்கம், வயல்வெளி, மலையடிவாரம், கடற்கரை... ஒரே பயணத்துல 5ஜி, 4ஜி, 'தேடுகிறது' எல்லாம் வந்து போகும். "கழுகே வர்றதை நிறுத்திடுச்சு, சிக்னல் மட்டும் வரணுமாக்கும்!" என்பது தங்கச்சி அடிக்கும் ஜோக்.

போன் பெட்டியில ஒரு கண்

சிம்முக்கு முன்னாடி போனைக் கவனிங்க. ஒவ்வொரு போனும் சில அலைவரிசைகளை மட்டும்தான் புரிஞ்சுக்கும். அதை 'பேண்ட்' என்பார்கள், கம்பெனியின் தளத்திலேயே பட்டியல் இருக்கும். வெளிநாட்டுல இருந்து மாமா கொண்டுவந்த போன், செகண்ட் ஹேண்ட் போன் என்றால் இதைக் கட்டாயம் பாருங்க.

ஜியோ 4ஜிக்கு 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் வெச்சிருக்கு. 5ஜிக்கு 3500-ஓடு 700-ம் சேர்த்து 2022 ஏலத்துல எடுத்துச்சு. அதோட 5ஜி 'தனிக்குடித்தனம்', அதாவது 4ஜி துணையில்லாம நிற்கும் ஸ்டாண்ட்அலோன் வகை. ஏர்டெல் 2022 அக்டோபரில் சென்னையிலும் ஆரம்பிச்ச 5ஜி, 4ஜி வீட்டு மேல மாடி கட்டின 'கூட்டுக்குடித்தனம்'. பழைய 5ஜி போன் சிலதுக்கு அப்போ சாஃப்ட்வேர் அப்டேட் வந்த பிறகுதான் தனிக்குடித்தனம் புரிஞ்சது. வி கம்பெனியின் 5ஜி 2025-ல் மும்பையிலிருந்து தொடங்கி ஊர் ஊராக வந்தது. பி.எஸ்.என்.எல். உள்நாட்டுத் தொழில்நுட்பத்துல கட்டின 4ஜியை 2025 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கி வெச்சாங்க. அதுக்கு 700, 2100 பேண்டுகள் உங்க போன்ல இருக்கான்னு பாருங்க.

இன்னொரு சின்ன விஷயம். அப்பாவோட பழைய பட்டன் போன் 2ஜி மட்டும் புரியும் ரகம்னா, அதுல ஜியோ சிம் வேலை செய்யாது. ஜியோவுக்கு 2ஜியே கிடையாது.

பரீட்சை உங்களுக்கில்லை, சிம்முக்கு!

ஸ்காலர்ஷிப் ராத்திரிக்கு அப்புறம் நானும் தங்கச்சியும் பண்ணின வேலை இது. ஒரு நோட்டுல கட்டம் போட்டோம். மேலே நாலு இடம்: வீட்டுக்குள்ள அவ படிக்கிற மூலை, பஸ் பயணம், காலேஜ் கிளாஸ் ரூம், லைப்ரரி. பக்கத்துல நாலு நேரம்: காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஆறு, ராத்திரி ஒன்பதரை. ஒவ்வொரு கம்பெனி சிம்மும் வெச்சிருக்கிற சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் போன்ல டெஸ்ட். டவுன்லோட், அப்லோட், பிங் மூணையும் எழுதினோம். கூடவே ஒரு கால் பண்ணி, குரல் தெளிவா இருக்கான்னு ஒரு டிக்.

நீங்களும் பண்ணலாம். செலவு ஒரு வாரம், லாபம் ஒரு வருஷம். சில டிப்ஸ்:

* ஒரே போன்ல சிம்மை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தாதான் நியாயமான போட்டி. ஒருத்தன் போன் பழசு, இன்னொருத்தன் போன் புதுசுன்னா மார்க் தப்பாயிடும்.
* ஒரு தடவை வந்த நம்பரை நம்பாதீங்க. மூணு தடவை பார்த்து நடுவுல இருக்கிறதை எடுத்துக்குங்க. உச்சத்தைப் பார்க்காதீங்க, பள்ளத்தைப் பாருங்க. கடைசி நாள் ராத்திரி உங்களுக்குக் கிடைக்கப்போறது அந்தப் பள்ளம்தான்!
* தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 'மைஸ்பீட்' என்ற ஆப்பை 2016-லயே விட்டிருக்கு. கம்பெனிகள் தங்கள் கவரேஜ் வரைபடத்தைத் தளத்துல போடணும்னும் 2024 விதிகள்ல சொல்லியிருக்கு. வரைபடத்தைப் பாருங்க, ஆனா அதுக்கு உங்க வீட்டுச் சுவர் தெரியாது.
* டெஸ்ட்டும் டேட்டா தின்னும். 100 மெகாபிட் லைன்ல பத்து நொடி டெஸ்ட் பண்ணினா 125 எம்.பி. காலி. ஃப்ரெண்ட் போன்ல பண்ணினா டீ வாங்கிக் கொடுத்துடுங்க.

வருஷத்துக்கு 13 மாசம்

வேகம் ஓகே. பர்ஸ்? நம்ம காலண்டர்ல 12 மாசம், ரீசார்ஜ் காலண்டர்ல 13! 28 நாள் பேக்கை 13 தடவை போட்டா 364 நாள். '28 நாள் விலை x 12' என்று கணக்குப் போட்டு ஏமாறாதீங்க. குறைஞ்சது ஒரு 30 நாள் பேக், ஒவ்வொரு மாசமும் அதே தேதியில புதுப்பிக்கிற ஒரு பேக் தரணும்னு டிராய் 2022-ல் உத்தரவு போட்டிருக்கு. விளம்பரத்துல முன்னாடி நிற்காது, தேடிப் பார்க்கணும். ரெண்டு பேக்கை ஒப்பிடணுமா? விலையை நாளால் வகுங்க, அவ்வளவுதான்.

2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் ஒண்ணு பின்னாடி ஒண்ணா விலையை ஏத்தினாங்க. அப்போ ஜியோவும் ஏர்டெலும் 'அன்லிமிடெட் 5ஜி'யை தினம் 2 ஜி.பி.யும் அதுக்கு மேலயும் உள்ள பேக்குகளோட கட்டிப்போட்டாங்க. 5ஜி போன் இருக்குன்னு சின்ன பேக் போட்டா 5ஜி இலவசமா கிடைக்கும்னு நினைக்காதீங்க. ரீசார்ஜ் பண்றதுக்கு முன்னாடி பொடி எழுத்தைப் படிங்க.

அம்மாவுக்கு நெட்டே வேணாமா? பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் தரணும்னு டிராய் உத்தரவு போட்டு, 2025 ஜனவரியில் அதெல்லாம் வந்துச்சு. வீட்டுல யாருக்கு எது தேவைன்னு தனித்தனியா பார்த்தாலே உங்க ரீசார்ஜுக்கான காசு மிச்சமாகும்.

மாத்தணும்னா...

2011 ஜனவரி 20-லிருந்து நாடு முழுக்க நம்பரை மாத்தாம கம்பெனியை மாத்தலாம். போர்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் டைப் பண்ணி, இடைவெளி விட்டு உங்க பத்து இலக்க நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்க. எட்டு எழுத்துக் குறியீடு வரும், நம்ம ஊர்ல அது நாலு நாள்தான் செல்லும். புது கம்பெனிக் கடைக்குப் போய் அடையாள அட்டையோட கொடுத்தா, தமிழ்நாட்டுக்குள்ள மூணு வேலை நாள்ல மாறிடும்.

கவனிக்க வேண்டியது: ஒரு கம்பெனியில 90 நாள் இருந்தாத்தான் அடுத்ததுக்குப் போகலாம். சிம் தொலைஞ்சு புதுசு வாங்கியிருந்தா ஏழு நாள் காத்திருக்கணும். பழைய பேக்ல பாக்கி இருக்கும் நாளும் டேட்டாவும் கூட வராது, அதனால பேக் முடியறப்போ மாத்துங்க. மாறும்போது கொஞ்ச நேரம் போன் ஊமையாகும், பணம் அனுப்பும் ஆப்புல மறுபடி பதிவு பண்ண வேண்டியிருக்கும். ஆகவே தேர்வுக் கட்டணம் கட்டும் வாரம், கவுன்சலிங் வாரம் இதெல்லாம் போர்ட் பண்ற நேரம் இல்லை.

ரோட்டோரக் குடையில சிம் வாங்கும்போது "கை ரேகை சரியா விழலை, இன்னொரு தடவை வைங்க" என்றால் உஷார்! உங்க பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்துல பார்க்கலாம்.

ரெண்டு துடுப்பு

2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துலதான் கரையைக் கடந்துச்சு. கரன்ட் போனா டவர் பேட்டரியிலயும் ஜெனரேட்டர்லயும்தான் மூச்சு விடும். எந்த டவருக்கு எப்போ மூச்சு நிக்கும்னு யாருக்கும் தெரியாது. அதனால கடற்கரைப் பசங்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டுல எல்லாரும் ஒரே கம்பெனியில இருக்காதீங்க. ஒரு சிம் போனா இன்னொண்ணு நிற்கும். அப்பா சொல்றது போல, ஒரு துடுப்போட கடலுக்குப் போகக்கூடாது.

எங்க நோட்டுக் கட்டத்துக்கு வருவோம். பதினாறு கட்டத்துல மொத்த மார்க்கும் அள்ளின சிம் எதுவும் இல்லை. காலேஜ்ல ஜெயிச்சது வீட்டுல தோத்துச்சு. வேகத்துல முதல் ரேங்க் வாங்கினது ராத்திரி ஒன்பதரைக்கு ஃபெயில். கடைசியில தங்கச்சி எடுத்தது எல்லா இடத்துலயும் ரெண்டாவதா வந்த ஒண்ணை. எங்கேயும் பறக்காது, எங்கேயும் விழாது. அப்பா போன்ல வேற கம்பெனி. கடலுக்குள்ள கொஞ்ச தூரம் போன பிறகும் "கரைக்குத் திரும்பிட்டிருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல வைக்கிற கம்பெனி. அவருக்கு எம்.பி.பி.எஸ். எதுக்கு?

எந்த கம்பெனின்னு கேட்கறீங்களா? சொல்ல மாட்டேனே! எங்க வீட்டுச் சுவர் வேற, உங்க வீட்டுச் சுவர் வேற. நோட்டை எடுங்க, கட்டம் போடுங்க பாஸ்!